முதல் உளவு நாவல்: நாற்பதாவது பக்கத்தைத் தாண்ட ஒரு வழி

கரோல் பாக்கில் எங்கள் மாடி வீட்டுத் தம்பி, போன மாதம் என்னிடமிருந்து ஓர் அரசியல் உளவு த்ரில்லர் வாங்கிப் போனான். நாற்பதாவது பக்கத்தோடு திருப்பிக் கொடுத்துவிட்டான். “அண்ணா, யார் எந்தப் பக்கம்னே புரியல.” அவனை உட்காரவைத்துச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அமைப்புகளைப் பிரித்துத் தெரிந்துகொள்ளுங்கள். நம் நாட்டு உளவு அமைப்புகளில் ஐ.பி. உள்நாட்டைப் பார்க்கும். 1968-ல் தொடங்கிய ‘ரா’ வெளிநாட்டைப் பார்க்கும். பிரிட்டனில் எம்.ஐ.5, எம்.ஐ.6 என்று இதே பங்கீடு. பல கதைகளுக்கு விதையே இந்த இரண்டு அலுவலகங்களுக்கு நடுவில் இருக்கும் போட்டிதான். பனிப்போர்க் கதை என்றால் ரஷ்யத் தரப்பு கே.ஜி.பி.; சோவியத் உடைந்த பிறகு உள்நாட்டுக்கு எஃப்.எஸ்.பி., வெளிநாட்டுக்கு எஸ்.வி.ஆர்.

அடுத்து, அத்தியாயத்தின் தலையில் இருக்கும் ஊரையும் நேரத்தையும் தாண்டிப் போகாதீர்கள். தம்பி இடறியது இங்கேதான். ‘தில்லி, இரவு 8.00’ முடிந்து ‘வாஷிங்டன், காலை 9.30’ தொடங்கியதும், கதை பின்னால் போய்விட்டது என்று நினைத்துவிட்டான். குளிர்காலத்தில் வாஷிங்டன் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால். அதாவது இரண்டும் ஒரே நிமிடம், ஒரே போன் பேச்சின் இரண்டு முனைகள்!

அப்புறம், பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றைப் புத்தகத்துக்குள் வையுங்கள். அதன் வெற்றுப் பக்கத்தில், ஒவ்வொரு பெயருக்கும் நேரே ‘இவருக்கு என்ன தெரியும்’ என்று பென்சிலால் குறியுங்கள். கோப்பு காணாமல் போனது செயலாளருக்குத் தெரியும், அமைச்சருக்குத் தெரியாது, வெளியூரில் இருக்கும் உளவாளிக்கு அப்படி ஒரு கோப்பு இருந்ததே தெரியாது. பரபரப்பு முழுக்க இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. துப்பாக்கிச் சண்டையைவிட எனக்குப் பிடித்தது இதுதான்.

மூன்று சொற்கள் போதும். உளவாளியை இயக்குபவர் ஹேண்ட்லர். நம் அலுவலகத்துக்குள்ளேயே இருந்து எதிரிக்கு வேலை செய்பவர் மோல். இருவர் சந்திக்காமலே, ஒருவர் மறைத்து வைத்ததை மற்றவர் பிறகு வந்து எடுத்துப்போகும் இடம் டெட் டிராப்.

முதல் அறுபது பக்கத்தை மட்டும் வீட்டில் ஒரே மூச்சில் படியுங்கள். மெட்ரோவில் பத்துப் பத்துப் பக்கமாகப் படிப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

தம்பி மறுபடி வாங்கிப் போனான். ஞாயிற்றுக்கிழமை இரவு பதினோரு மணிக்குக் கதவைத் தட்டி, “அண்ணா, மோல் அந்தச் செயலாளர்தானே?” என்றான். கையில் பத்திரிகை முழுக்கப் பென்சில் கோடுகள். “இன்னும் எத்தனை பக்கம் இருக்கு?” என்றேன். “முப்பது.” “சரி, முடிச்சுட்டு வா.”