வெயிலில் அச்சிடும் நீலப்படம்: சயனோடைப் செய்முறை

இதற்கு இருட்டறை தேவையில்லை, கேமராகூடத் தேவையில்லை. ஆங்கில விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்டுபிடித்த சயனோடைப் இன்னும் பிழைத்திருக்க அதுதான் காரணம் என்பேன். அடுத்த ஆண்டே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் பிரிட்டன் கடற்பாசிகளை நேராகத் தாள்மேல் வைத்து அச்சிட்டுப் புத்தகமாக்கத் தொடங்கினார். கட்டட வரைபடம் நகலெடுத்த 'ப்ளூபிரிண்ட்'டும் இதே வேதியியல்தான்.

1. கரைசல்: பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் 100 மி.லி.யில் 25 கிராம் ஃபெரிக் அமோனியம் சிட்ரேட் (பச்சை வகை). இன்னொரு பாட்டிலில் 100 மி.லி.க்கு 10 கிராம் பொட்டாசியம் ஃபெரிசயனைடு. கையுறை அவசியம். இரண்டாவதைச் சூடாக்கக் கூடாது, கடும் அமிலத்தோடு சேர்க்கவும் கூடாது, நச்சுவாயு வரும்.

2. பூச்சு: மங்கலான பல்பு வெளிச்சத்தில் இரண்டையும் சம அளவு கலந்து தாளில் பூசி, இருட்டில் உலர்த்துங்கள். என் ஓட்டு ஸ்பாஞ்சு பிரஷுக்கே. இரும்புப் பட்டை போட்ட பிரஷ் நீலப்புள்ளி விடும்.

3. வெயில்: மேலே வேப்பங்கொத்து, அதன்மேல் பழைய போட்டோ ஃபிரேம் கண்ணாடி. உச்சி வெயிலில் 10 நிமிடத்திலிருந்து பாருங்கள். கடிகாரத்தைவிட நிறத்தை நம்பலாம்: மஞ்சள்பச்சை நீலமாகி, பிறகு சாம்பல் கலந்த பழுப்பாக வேண்டும். நீலத்திலேயே எடுத்தால் படம் தண்ணீரோடு போய்விடும்.

4. கழுவுதல்: பலருக்கும் படம் கெடுவது இங்கேதான். இந்த நீலம் லேசான அமிலத்தைத் தாங்கும், காரத்தைத் தாங்காது. நம் போர் தண்ணீர் பல ஊர்களில் காரத்தன்மை உள்ளது. அதில் நீலம் வெளிறும், வெள்ளைப் பகுதியில் மஞ்சள் கறை தங்கும். அதனால் முதல் கழுவலில் லிட்டருக்கு ஒரு ஸ்பூன் வினிகர் விடுங்கள். அப்புறம் மஞ்சள் முழுதும் போகும்வரை நல்ல தண்ணீர். சந்தேகமா? ஒரே அச்சை இரண்டாகக் கிழித்து, வினிகரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று கழுவிப் பாருங்கள்.

தாளும் காலை வாரும். 'ஆசிட் ஃப்ரீ' என்று விலை கூட்டி விற்கும் தாள்கள் பலவற்றில் காரமான சுண்ணாம்புச் சத்து கலந்திருக்கும். நூறாண்டு கெடாது என்று வாங்கினால், நீலத்தை அதுவே தின்றுவிடும்.

சரி, உலர்ந்ததும் வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம். காற்றுப் பட்டு ஒரு நாளில் அடர்ந்துவிடும். அவசரமென்றால் கடைசிக் கழுவலில் சிறிது ஹைட்ரஜன் பெராக்சைடு.

பின்சேர்க்கை: துணியில் அச்சிட்டுத் துவைத்ததும் நீலம் மறைந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். சோப்புத்தூளில் இருக்கும் சலவைச்சோடாதான் காரணம். காரமில்லாத திரவச் சோப்பு போடுங்கள். வெளிச்சத்தில் மாட்டி மங்கிய படம் வேறு கதை. சில நாள் இருட்டு அலமாரியில் வைத்தால் நீலம் பெரும்பாலும் திரும்பும்.