போர்ஷே 911 ஜிடி3: டிராக்கில் ஓடும் சென்டர்லாக் வீலைக் கழற்றி மாட்டுவது

ஐந்து போல்ட்டின் வேலையை இங்கே ஒரே நட்டு செய்கிறது. 991 தலைமுறை ஜிடி3-க்கு இறுக்கும் அளவு 600 நியூட்டன் மீட்டர். சாதாரண டார்க் ரெஞ்ச் (இறுக்கும் அளவை அளந்து காட்டும் ஸ்பேனர்) இதற்கு எட்டாது. முக்கால் அங்குல முனையுள்ள பெரியது வேண்டும். இம்பாக்ட் கன்னால், அதாவது அடித்து அடித்துச் சுழற்றும் கருவியால், இறுக்குவது வேண்டாம்.

கழற்றும்போதும் இறுக்கும்போதும் ஒருவர் உள்ளே அமர்ந்து பிரேக்கை மிதித்துப் பிடிக்க வேண்டும். கைப்பிரேக் முன்சக்கரத்தைப் பிடிக்காது. சாக்கெட், நடுவிலுள்ள பூட்டு முள்ளை உள்ளே தள்ளினால்தான் நட்டு சுழலும்.

பழைய கிரீஸை முழுக்கத் துடைத்துவிட்டு, மரையிலும் நட்டின் கூம்புப் பரப்பிலும் ஆப்டிமோலி டிஏ அலுமினிய பேஸ்ட்டை மெல்லியதாகப் பூசுங்கள். பலர் சறுக்கும் இடம் இதுதான். பேஸ்ட் காய்ந்திருந்தால் ரெஞ்ச் 600 காட்டும். ஆனால் விசையில் பெரும்பகுதி உராய்விலேயே போய்விடும், வீலை அழுத்திப் பிடிக்கும் பலம் குறையும். வீலும், அதைத் தாங்கும் நடுப்பகுதியான ஹப்பும் ஒட்டும் தட்டைப் பரப்பில் மட்டும் பூசாதீர்கள், அது சுத்தமாக, உலர்ந்து இருக்கட்டும்.

600-க்கு இறுக்கி, கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடி 600. சாக்கெட்டை எடுத்ததும் பூட்டு முள் வெளியே வந்து பள்ளத்தில் அமர்ந்திருக்க வேண்டும். அமராத வரை வண்டியை நகர்த்தாதீர்கள்.