டர்போ இன்ஜினில் டைமிங் வைப்பது: எஸ்ஆர்20டிஇடி-யை முன்வைத்து

டைமிங்கில், அதாவது பிஸ்டன் உச்சியைத் தொட எத்தனை டிகிரி முன்பு ஸ்பார்க் வர வேண்டும் என்பதில், கை வைப்பது கடைசி வேலை. நிஸ்ஸானின் 2 லிட்டர் டர்போ இன்ஜினான எஸ்ஆர்20டிஇடி-யின் போர் (சிலிண்டர் விட்டம்) 86 மி.மீ., கம்ப்ரஷன் 8.5:1. உறுதியான இன்ஜின்தான். ஆனாலும் பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறிய நிலையில் டைமிங் சில டிகிரி கூடிப்போனால், பிஸ்டனில் ரிங்குகளுக்கு நடுவே இருக்கும் வரப்பு உடைந்துவிடும்.

முதலில் பெட்ரோல் சரியாகப் போகிறதா என்று பாருங்கள். முழு பூஸ்டில் லாம்டா (காற்று-பெட்ரோல் விகிதம்; 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்) 0.78–0.80 இருக்க வேண்டும்; இன்ஜெக்டர் டியூட்டி (இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரத்தின் பங்கு) 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பூஸ்ட் 1 பார் ஏறினால் ஃப்யூல் பிரஷரும் 1 பார் ஏற வேண்டும். ஏறவில்லையென்றால் அதைச் சரிசெய்யும்வரை லேப்டாப்பைத் திறக்காதீர்கள். ஸ்பார்க் பிளக் ஒரு படி குளிர்ந்ததாக இருக்கட்டும்: என்ஜிகே-யில் 6 இருந்த இடத்தில் 7, இடைவெளி 0.7 மி.மீ.

அடுத்து பேஸ் டைமிங். பலர் சறுக்குவது இங்கேதான். இசியூ (இன்ஜின் கம்ப்யூட்டர்) 15 டிகிரி என்று காட்டுவது வெறும் கணக்கு. உண்மையில் எத்தனை என்பதை டைமிங் லைட்தான் சொல்லும். மேப்பில் (இசியூவில் உள்ள டைமிங் அட்டவணையில்) டைமிங்கை 15-இல் பூட்டுங்கள். முதல் சிலிண்டரின் காயிலைத் தூக்கி, காயிலுக்கும் பிளக்குக்கும் நடுவே ஒரு பிளக் ஒயரைப் போட்டு, அதில் லைட்டின் கிளாம்பை மாட்டுங்கள். கிராங்க் புல்லியில் உள்ள 15 டிகிரி கோடு முள்ளுக்கு நேரே வர வேண்டும். வராவிட்டால் சிஏஎஸ்-ஐ (கிராங்க் கோண சென்சாரை) திருப்புங்கள், அல்லது இசியூவில் ஆஃப்செட்டை மாற்றுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் குழப்பம்தான். பழைய புல்லியில் ரப்பர் நழுவி வெளி வளையம் நகர்ந்திருக்கும், அப்போது கோடே பொய் சொல்லும். சந்தேகமென்றால் பிளக் துளையில் பிஸ்டன் ஸ்டாப்பர் போட்டு டிடிசி-யை (பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தை) கண்டுபிடியுங்கள். 4000 ஆர்பிஎம் வரை ஏற்றும்போதும் கோடு அசையக் கூடாது. நகர்ந்தால் இசியூவில் டிரிகர் (சென்சார் சிக்னல்) செட்டிங் தப்பு.

இப்போது மேப். பூஸ்ட் 1 பிஎஸ்ஐ கூடினால் சுமார் 1 டிகிரி குறைப்பது பழைய கணக்கு. தொடக்கத்துக்கு அது போதும். 7 பிஎஸ்ஐ-யில் 12 டிகிரி, 14 பிஎஸ்ஐ-யில் 6–7 என்று அடக்கமாகத் தொடங்குங்கள். 95 ஆக்டேன் பெட்ரோலென்றால் இன்னும் 2 குறையுங்கள்.

டைனோவில் (இன்ஜின் விசையை அளக்கும் மேடையில்) 1:1 கியரில் (ஐந்து கியர் பெட்டியில் அது நான்காவது) ஒரே ஆர்பிஎம்-இல் பிடித்துக்கொண்டு 1 டிகிரி கூட்டி டார்க்கை (முறுக்கு விசையை) பாருங்கள். ஏறுகிறதா, இன்னொரு டிகிரி. ஏறுவது நின்றுவிட்டதா, அங்கேயே நிறுத்தி 1 டிகிரி பின்னால் வையுங்கள். பம்ப் பெட்ரோலில் பெரும்பாலும் டார்க் உச்சம் தொடும் முன்பே நாக்கிங் (பெட்ரோல் தானே வெடித்து இன்ஜின் தட்டுவது) வந்துவிடும். அப்போது நாக்கிங் வந்த இடத்திலிருந்து 2–3 டிகிரி இறங்க வேண்டும். டார்க் உச்சத்தில் இருக்கும் ஆர்பிஎம்-இல்தான் அபாயம் அதிகம். அதற்கு மேலே டைமிங்கைச் சற்றுக் கூட்டலாம்.

டைனோ இரைச்சலில் நாக்கிங் வெறும் காதுக்குக் கேட்காது. பிளாக்கில் போல்ட் செய்த தாமிரக் குழாயில் ரப்பர் ஹோஸ் மாட்டி, மறுமுனையைக் காது மூடும் ஹெட்செட்டில் செருகிக் கேட்பது இன்றும் நம்பகமான வழி. தகரத்தில் சரளைக்கல் விழுவதுபோலக் கேட்டால் உடனே ஆக்ஸிலரேட்டரை விடுங்கள். நாக் சென்சாரை வைத்துப் பார்ப்பவர்கள் 86 மி.மீ. போருக்கு 6.7 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஃபில்டர் வைக்கலாம்.

பயந்து அளவுக்கு மீறிக் குறைப்பதும் தீங்குதான். டைமிங் பின்னால் போகப் போக எக்ஸாஸ்ட் வெப்பம் ஏறும். 900–950 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மேனிஃபோல்டும் டர்பைனும் அடி வாங்கும்.

இன்டேக் காற்று 50 டிகிரியைக் கடந்தால் டைமிங் தானாகக் குறையும்படி திருத்த டேபிளைப் போட்டுவையுங்கள். காலைக் குளிரில் ட்யூன் செய்த மேப் மதிய வெயில் டிராஃபிக்கில் தட்ட ஆரம்பிப்பது இன்டேக் காற்று சூடாவதால்தான். வேலை முடிந்ததும் ஒரு முழு பூஸ்ட் ஓட்டத்துக்குப் பின் இன்ஜினை அங்கேயே அணைத்து, பிளக்குகளைக் கழற்றி லென்ஸில் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகளோ, மின்னும் அலுமினியத் துகள்களோ இருந்தால் அந்த மேப்பில் இன்னும் 2 டிகிரி குறைத்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்க வேண்டும்.