உப்பில் இறுகிய காட்டர் பின்னைக் கழற்றுவது

தூத்துக்குடியில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் எனக்கு வேலை பஞ்சர் பார்ப்பது. கடைக்கு வரும் வண்டியில் பாதி உப்பளத்துக்குப் போய் வருகிற வண்டி. அதில் செயின் துருப்பிடித்தால் மாற்றிவிடலாம். கிராங்கை, அதாவது பெடல் மாட்டியிருக்கிற இரும்புக் கையை, கழற்ற வேண்டி வந்தால்தான் அப்பா பெருமூச்சு விடுவார்.

போன மாதம் அண்ணன் மகன் ஒரு பழைய ஹெர்குலிஸை உருட்டிக்கொண்டு வந்தான். "அத்தை, மிதிச்சா கரகரங்கு." உள்ளே பால்ரஸ், அதாவது சுழல வைக்கிற இரும்புக் குண்டு, தேய்ந்திருக்கிறது; இரண்டு கிராங்கையும் இணைக்கிற ஆக்சிலை வெளியே எடுக்க வேண்டும். அதற்குக் கிராங்க் கழல வேண்டும். இரண்டு கடையில் அறுத்துத்தான் எடுக்கணும் என்று சொல்லிவிட்டார்களாம். அறுக்க வேண்டியதில்லை. கனமான சுத்தியலும் ஒரு துண்டு பைப்பும் இருந்தால் போதும்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். கிராங்கின் குண்டுப் பகுதியில் குறுக்காக ஒரு துளை இருக்கும். அதற்குள் போகிற இரும்பு முளைதான் காட்டர் பின். நம் ஊர்ப் பழைய வண்டிகளில் பெரும்பாலும் 9.5 மில்லிமீட்டர் பருமன். அதன் ஒரு பக்கம் சாய்வாகச் சீவியிருக்கும். அந்தச் சாய்வு ஆக்சிலில் வெட்டிய தட்டையான இடத்தில் ஆப்பு மாதிரி உட்காருகிறது. கிராங்கைப் பிடித்து வைத்திருப்பது இந்த ஆப்புதான். நட்டு, ஆப்பு நழுவாமல் பார்த்துக்கொள்கிறது, அவ்வளவே. அதனால் நட்டைக் கழற்றிவிட்டுக் கிராங்கை எவ்வளவு இழுத்தாலும் வராது. மரை இருக்கிற முனையில் அடித்து, பின்னை வந்த வழியே திருப்பி அனுப்ப வேண்டும்.

முந்தின நாள் ராத்திரியே துருவைச் சுரண்டி, பின்னின் இரண்டு முனையிலும் எண்ணெய் விடுங்கள். டபிள்யூடி-40 ஸ்ப்ரே இருந்தால் நல்லது. அப்பா மண்ணெண்ணெயில் கொஞ்சம் எஞ்சின் ஆயில் கலந்து விடுவார். காலையில் இன்னொரு தடவை. இதில் அவசரப்பட்டால் பிறகு டிரில் மிஷினோடு மல்லுக்கட்டணும்.

இடது பெடலுக்கு மரை எதிர்ப்பக்கம் என்பதால், காட்டர் நட்டையும் எதிர்ப்பக்கம் திருகி முறித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இந்த நட்டு இரண்டு பக்கமும் சாதாரண மரைதான். அதை முழுசாகக் கழற்றாதீர்கள். நட்டின் மேல்விளிம்பும் பின்னின் முனையும் ஒரே மட்டத்தில் வருகிற வரை தளர்த்தி நிறுத்துங்கள். அடி விழும்போது முனை வளையாமல் அது பார்த்துக்கொள்ளும்.

இனிமேல்தான் விஷயம். மரை முனை மேலே பார்க்கும்படி கிராங்கைத் திருப்புங்கள். கிராங்கின் அடியிலிருந்து தரைவரை அளந்து, அரை இன்ச் கூட்டி, அரை இன்ச் ஜிஐ பைப் ஒன்றை வெட்டுங்கள். அதைச் செங்குத்தாக நிறுத்தி, பின்னின் பருத்த முனை பைப்பின் ஓட்டைக்குள் இறங்க இடம் இருக்கும்படி கிராங்கை அதன்மேல் உட்கார வையுங்கள். வண்டியின் கனம் பைப்பில் இருக்க வேண்டும், டயரில் இல்லை. கீழே சிமெண்டுத் தரை வேண்டும்; மண்தரையில் அடித்தால் பைப் மண்ணுக்குள் போகும், பின் அங்கேயே இருக்கும். செயின் பக்கம் செய்யும்போது பைப்பின் விளிம்பு செயின்வீலில் படாமல் பாருங்கள். வண்டியைப் பிடிக்க இன்னொரு ஆள் கட்டாயம்.

நான் முதல் தடவை பைப் வைக்காமல் அடித்தேன். பதினாலு வயசு, அப்பாவுக்குத் தெரியாமல் முடித்துக் காட்டுகிற ஆசை. பின் அசையவில்லை. அப்பா வந்து பார்த்துவிட்டு, "ஏட்டி, நீ அடிச்ச அடியெல்லாம் எங்க போச்சுன்னு நினைக்க? உள்ள பால்ரஸுக்குப் போச்சு" என்றார். ஆக்சிலைக் கழற்றியபோது, குண்டு உருள்கிற கப்பில் வரிசையாகக் குட்டிக் குட்டிப் பள்ளம். பக்கத்துக்குக் கால் இன்ச் குண்டு பதினொன்று, ஒவ்வொன்றும் தன் அடையாளத்தைப் பதித்திருந்தது. கப்பும் ஆக்சிலும் புதுசு வாங்க வேண்டி வந்தது. பைப் வைத்தால் அடி கிராங்க் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும், ஆக்சிலுக்குள் ஏறாது.

சுத்தியல் ஒரு கிலோவாவது இருக்கட்டும். டொக் டொக் என்று தட்டுகிற வேலையே ஆகாது. தட்டத் தட்ட முனை காளான் மாதிரி விரிந்து துளைக்குள்ளேயே சிக்கும். நேராக, ஓங்கி, ஒன்று. பார்த்துவிட்டு இன்னொன்று. பின் விடுகிறபோது சத்தமே மாறும். கணகணவென்று கேட்டது மொத்தென்று கேட்கும். அதன்பிறகு நட்டைக் கழற்றி, பின்னைவிட ஒல்லியான பஞ்ச் வைத்துத் தட்டினால் கீழே விழுந்துவிடும்.

நாலைந்து அடியிலும் அசையவில்லையா? கிராங்கைச் சூடாக்கலாம். பின்னை அல்ல, அதைச் சுற்றியுள்ள குண்டுப் பகுதியை. அதற்கு முன் எண்ணெயைச் சுத்தமாகத் துடையுங்கள். மண்ணெண்ணெய் ஊறிய கிராங்கில் புளோ லாம்பைக் காட்டி, கடையில் ஒரு சீட் கவரை எரித்த புண்ணியம் எனக்கு உண்டு. குரோம் நீலம் பாயும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அப்புறமும் முரண்டு பிடித்தால், அல்லது முனை வளைந்துவிட்டால், ஆக்சா பிளேடால் மரைப் பகுதியைக் கிராங்கோடு மட்டமாக அறுத்துவிடுங்கள். நடுவில் பஞ்ச் வைத்துத் தட்டி ஒரு குறி. முதலில் 3 மில்லிமீட்டர் டிரில், பிறகு 5, பிறகு 7. பின் மெத்தென்ற இரும்பு, டிரில் இறங்கும். உள்ளே கூடாகிவிட்டால் பிடி தளர்ந்து, ஒரே அடியில் போய்விடும். கோணலாகத் துளைத்தால் ஆக்சில் காலி. அந்த நிதானம் இல்லாதவர்கள் லேத் பட்டறைக்குப் போவதே மேல்.

இப்போது வருகிற கியர் சைக்கிளில் பொதுவாகக் காட்டர் பின் இருக்காது. சதுர ஆக்சிலாக இருந்தால், போல்ட்டைக் கழற்றி, கிராங்க் புல்லர் என்ற கருவியை 22 மில்லிமீட்டர் மரையில் திருகி இழுக்க வேண்டும். போல்ட்டோடு வருகிற வாஷரை உள்ளேயே விட்டுவிட்டுப் புல்லரை முறுக்குவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. அலுமினிய மரை அப்படியே உரிந்து வரும்.

கழற்றிய பின்னைத் திரும்பப் போடாதீர்கள். புதுசு டீக்காசுக்குக் கிடைக்கும். பழையதைக் கையில் கொண்டுபோய்ப் பருமன் பார்த்து இரண்டாக வாங்குங்கள். சாய்வு சரியாக உட்காராவிட்டால் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துப் போட்டுப் பாருங்கள். அதிகம் தேய்த்தால் பின் ஆழமாக இறங்கிவிடும், வேறொன்றுதான் எடுக்கணும். இரண்டு பின்னும் எதிரெதிராக இருக்க வேண்டும். இடது கிராங்க் முன்னால் நீட்டியிருக்கும்போது அதன் நட்டு மேலே பார்த்தால், வலது நட்டு கீழே பார்க்கும். ஒரே பக்கமாகப் போட்டால் பெடல் இரண்டும் நேர்கோட்டில் நிற்காது.

போடும்போதும் அதே பைப்பை வைத்துத்தான் அடிக்க வேண்டும். அடித்து, நட்டை முறுக்கி, மறுபடி ஓர் அடி, மறுபடி ஒரு முறுக்கு. நட்டை வைத்தே பின்னை உள்ளே இழுக்கப் பார்த்தால் மரைதான் போகும். நாலு நாள் ஓட்டியதும் ஸ்பேனரை இன்னொரு தடவை காட்டுங்கள். அண்ணன் மகன் புதன்கிழமை வந்தான்; இடது நட்டு கால் சுற்று இறங்கியது, வலது அசையவில்லை.