குறைந்த விலையில் வேகமான முதல் கார்: எடையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்

முதல் கார் வாங்கப் புறப்படும் பதினேழு, பதினெட்டு வயதுக்காரர்கள் விற்பனை விளம்பரங்களில் முதலில் தேடுவது குதிரைத்திறனை, அடுத்துத் தேடுவது விலையை. இந்த இரண்டை மட்டும் வைத்துத் தேடினால், கடைசியில் கையில் சிக்குவது பெரும்பாலும் பெரிய எஞ்சின் கொண்ட, பல கை மாறிய, பராமரிப்பில்லாத ஒரு கனமான காராகத்தான் இருக்கும். தேடலை எடையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கருத்து. 900 கிலோ எடையுள்ள காரில் 100 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தால், ஒரு டன்னுக்கு 111 குதிரைத்திறன் கிடைக்கிறது. 1,500 கிலோ காரில் 150 குதிரைத்திறன் இருந்தாலும் ஒரு டன்னுக்கு 100 மட்டுமே கிடைக்கிறது. விளம்பரத்தில் பெரிய எண்ணைக் காட்டுவது இரண்டாவது கார். கியர் விகிதங்கள் ஏறத்தாழ ஒன்றாக இருக்குமானால், முந்திக்கொண்டு கிளம்புவது முதல் கார். எடை குறைந்தால் பிரேக் பேடும் டயரும் மெதுவாகத் தேயும், எரிபொருள் குறைவாகச் செலவாகும், வளைவுகளில் வண்டி சொன்னபடி திரும்பும். ஒரு பதின்வயதினரின் கையிருப்புக்கு இவை ஒவ்வொன்றும் மாதந்தோறும் மிச்சம்.

சில நாடுகளின் சட்டமும் இதே கணக்கைத்தான் போடுகிறது. ஆஸ்திரேலியாவின் பல மாநிலங்களில் புதிதாக உரிமம் பெற்றவர்கள், ஒரு டன் எடைக்கு 130 கிலோவாட்டுக்கு மேல் திறன் கொண்ட கார்களை ஓட்டக் கூடாது. இத்தாலியிலும் புதிய ஓட்டுநர்களுக்கு டன்னுக்கு இத்தனை கிலோவாட் என்று வரம்பு உண்டு. ஆகவே ஒரு மாடலின் மீது மனம் போவதற்கு முன்பே, உங்கள் வயதுக்கும் உரிமத்துக்கும் அதை ஓட்ட அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

எந்த மாதிரிக் காரைத் தேடுவது என்பதற்குச் சில உதாரணங்கள் சொல்கிறேன். 1976-இல் வந்த முதல் தலைமுறை ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ 110 குதிரைத்திறன் எஞ்சினை 800 கிலோவைச் சற்றே தாண்டிய உடம்பில் சுமந்தது. சாதாரணக் குடும்ப ஹேட்ச்பேக்கின் வேகமான வடிவம் என்ற வகையே அதன் வெற்றிக்குப் பிறகுதான் பரவலானது. அந்தக் கார் இன்று சேகரிப்பாளர்களின் பொருளாகிவிட்டதால் மலிவாகக் கிடைக்காது. ஆனால் அதே சூத்திரத்தில் பிறந்த பிற்காலத்து வண்டிகள் பழைய கார் சந்தையில் நிறைய உள்ளன. 2017-இல் வந்த சுசூகி ஸ்விஃப்ட் ஸ்போர்ட் 1.4 லிட்டர் டர்போ (கூடுதல் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) எஞ்சினோடு 140 குதிரைத்திறன் தந்தது, எடையோ ஒரு டன்னுக்கும் குறைவு. அதற்கு முந்தைய தலைமுறை டர்போ இல்லாத 1.6 லிட்டர் எஞ்சின் கொண்டது, அதனால் விலையும் சிக்கலும் குறைந்தது. 2013-இல் வந்த ஃபோர்டு ஃபியஸ்டா எஸ்டி 182 குதிரைத்திறன் கொண்டது, முதல் காருக்கு அது மேல் எல்லை என்பேன். இரண்டு இருக்கை மட்டும் போதும் என்பவர்களுக்கு 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 இருக்கிறது. அதன் முதல் தலைமுறையின் 1.6 லிட்டர் எஞ்சினுக்கு ஏறத்தாழ 115 குதிரைத்திறன்தான், ஆனாலும் ஒரு டன்னுக்கும் குறைந்த எடையும் பின்சக்கர இயக்கமும் சேர்ந்து, அதைவிட இரு மடங்கு திறன் கொண்ட கார்கள் தராத உணர்வை அது தந்துவிடும். பழைய எம்எக்ஸ்-5 வாங்கினால், கதவுக்குக் கீழே, பின்சக்கரத்தை ஒட்டிய பகுதியில் துரு இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். சக வயதுப் பயணிகள் கூடக் கூட இளம் ஓட்டுநரின் விபத்து அபாயமும் கூடுகிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. அந்த வகையில், ஒரே ஒரு நண்பருக்கு மட்டும் இடம் கொடுக்கும் கார் வீட்டாரின் சம்மதத்தைப் பெற ஒரு நல்ல வாதமும்கூட.

டர்போ உள்ள எஞ்சினா, இல்லாததா என்ற கேள்விக்கு, முதல் காருக்கு இல்லாததே மேல் என்று சொல்வேன். டர்போ எஞ்சினில் வெப்பம் அதிகம், பாகங்கள் அதிகம், முந்தைய உரிமையாளர் ஆயிலை நேரத்தில் மாற்றாமல் விட்டிருந்தால் அதன் விளைவும் கடுமை. டர்போ இல்லாத எஞ்சின் ஆக்சிலரேட்டரை அழுத்திய அளவுக்குச் சீராக இழுக்கும். கியரை எப்போது மாற்ற வேண்டும், எஞ்சின் எந்தச் சுழற்சியில் உயிர் பெறுகிறது என்பதையெல்லாம் ஓட்டுபவருக்கு அது கற்றுக்கொடுக்கும். அதே காரணத்துக்காகக் கையால் கியர் மாற்றும் வண்டியையே பரிந்துரைக்கிறேன். பழைய தானியங்கி கியர்பெட்டி பழுதானால் வரும் செலவு சில சமயம் காரின் விலையையே எட்டிவிடும்.

தவிர்க்க வேண்டிய பெரிய பொறி ஒன்று உண்டு. புதிதாக இருந்தபோது மிக விலையுயர்ந்ததாக இருந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு சிறிய ஹேட்ச்பேக்கின் விலைக்கு இறங்கிவிட்ட ஆறு சிலிண்டர், எட்டு சிலிண்டர் சொகுசு செடான்கள்தான் அது. காரின் விலை இறங்கிவிட்டதே தவிர, அதன் பிரேக் டிஸ்க், சஸ்பென்ஷன், மின்னணுப் பெட்டிகள் ஆகியவற்றின் விலை இறங்கவில்லை. இவ்வளவு மலிவாக விற்பவருக்கு அடுத்து வரவிருக்கும் செலவு என்னவென்று தெரிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

காப்பீட்டை ஆளும் கணக்கு வேறு. இளம் ஓட்டுநருக்கான ஆண்டுப் பிரீமியம் சில நாடுகளில் மலிவான ஒரு காரின் விலையையே தாண்டிவிடக்கூடும், அது மாடலுக்கு மாடல் வியப்பூட்டும் அளவுக்கு வேறுபடவும் செய்கிறது. ஆகவே காரை நேரில் பார்க்கப் போவதற்கு முன்பே, பட்டியலில் உள்ள நான்கைந்து மாடல்களுக்கும் உங்கள் வயதைக் கொடுத்துப் பிரீமியம் கேட்டு வாங்குங்கள். பட்டியல் தானாகவே சுருங்கும். பிரீமியத்தைக் குறைக்க, தினமும் நீங்கள் ஓட்டப்போகும் காருக்கு அம்மாவையோ அப்பாவையோ முதன்மை ஓட்டுநர் என்று காட்டச் சொல்லி யாராவது யோசனை சொல்லக்கூடும். பல நாடுகளில் அது மோசடி, விபத்து நேர்ந்தால் இழப்பீடு கிடைக்காமலும் போகலாம்.

எடை குறைந்த காருக்கு ஒரு குறையும் உண்டு, அதை மறைக்க முடியாது. கனமான வண்டியோடு மோதினால் இலகுவான வண்டிக்குள் இருப்பவர்களுக்கே அடி அதிகம். காப்பீட்டு நிறுவனங்களின் நிதியில் இயங்கும் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஎச்எஸ் பதின்வயதினருக்காக வெளியிடும் பழைய கார்களின் பட்டியலில், திறன் மிகுந்த கார்களையும் மிகச் சிறிய கார்களையும் சேர்ப்பதே இல்லை. ஆகவே இந்த வழியில் போகிறவர் சில பாதுகாப்பு வசதிகளில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பிரேக் பிடிக்கும் ஏபிஎஸ், முன்புறக் காற்றுப்பைகள், கூரை உள்ள காரென்றால் தலையைக் காக்கும் திரைக் காற்றுப்பைகள் ஆகியவை இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டி சறுக்கும்போது தனித்தனிச் சக்கரங்களின் பிரேக்கைத் தானாகப் பிடித்து நேராக்கும் இஎஸ்சி இருக்க வேண்டும். அமெரிக்காவில் 2012 மாடல் ஆண்டிலிருந்தும், ஐரோப்பிய ஒன்றியத்தில் எல்லாப் புதிய கார்களுக்கும் 2014-இன் இறுதியிலிருந்தும் இது கட்டாயமானது. அதற்கு முந்தைய காரென்றால், இருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5-இல் அது கிடையாது என்பதால், எனக்கு எவ்வளவு பிடித்திருந்தாலும், ஓட்டக் கற்று ஓராண்டு ஆகாதவருக்கு அந்தத் தலைமுறையைச் சொல்ல மாட்டேன். அதன் பிந்தைய தலைமுறைகளில் இஎஸ்சி உள்ள வண்டிகள் கிடைக்கின்றன.

இனி, காரை நேரில் பார்ப்பது. அவசரப்பட்டால் கெட்டுப்போகும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். போவதற்கு முன், எஞ்சினை முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைக்க வேண்டாம் என்று விற்பவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போய்ச் சேர்ந்ததும் பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த நிலையில் அந்த எஞ்சின் எப்படிக் கிளம்பும் என்பதை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்று யாரோ நினைத்திருக்கலாம். ஸ்டார்ட் செய்தவுடன் சைலன்சரிலிருந்து மெல்லிய வெண்ணிற ஆவி வந்து சில நிமிடங்களில் நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். எஞ்சின் சூடேறிய பிறகும் அடர்ந்த வெள்ளைப் புகை தொடர்ந்தால், எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் எரிகிறது, அது சிலிண்டருக்குள் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கக்கூடும். நீலப் புகை ஆயில் எரிவதைச் சொல்கிறது.

அடுத்து, ஓடிய தூரம். ஓடோமீட்டர் எண்ணை மட்டும் நம்பாமல், கிளட்ச் மிதியின் ரப்பர், ஸ்டீயரிங்கின் தோல், ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானத்தோடு அதை ஒப்பிடுங்கள். குறைந்த தூரமே ஓடியதாகச் சொல்லப்படும் காரில் இவை வழவழவென்று தேய்ந்திருந்தால், அந்த எண்ணுக்குச் சான்றாகச் சர்வீஸ் பதிவேட்டைக் கேட்க வேண்டும். பதிவேட்டில் முக்கியமாகத் தேட வேண்டியது, வால்வுகளைச் சரியான நேரத்தில் திறந்து மூடவைக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றிய தேதி. பெல்ட் உள்ள பல எஞ்சின்களில், அது ஓடும்போது அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து எஞ்சினே வீணாகிவிடும். மாற்றியதற்கான ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள்.

டயர்கள் முந்தைய உரிமையாளரைப் பற்றி நிறையச் சொல்லும். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் குறிக்கிறது. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். நான்கு சக்கரத்திலும் நான்கு விதமான மலிவு டயர்கள் மாட்டியிருப்பவர், கண்ணுக்குத் தெரியாத ஆயிலிலும் பிரேக் எண்ணெயிலும் மட்டும் தாராளமாக இருந்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் சக்கரக் கோணம் தவறியிருக்கிறது அல்லது சஸ்பென்ஷனில் ஏதோ வளைந்திருக்கிறது. விபத்தில் அடிபட்ட கார்களில் கதவு, பானெட் இடைவெளிகள் ஒரு பக்கம் அகன்றும் மறுபக்கம் குறுகியும் இருக்கும். முன்பக்க மட்கார்டு போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தழும்பு தெரியும். டிக்கியில் ஸ்டெப்னி இருக்கும் இடத்தின் அடித்தகட்டையும் தூக்கிப் பாருங்கள். பின்னாலிருந்து வாங்கிய இடியை மறைக்க முடியாத இடம் அது.

காரின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்க, அதற்கென உள்ள ஓபிடி-2 துளையில் செருகும் சிறு கருவி ஒன்றை வாங்கியோ இரவலாகவோ கொண்டுபோங்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்று அது காட்டுவது மட்டும் போதாது. எஞ்சினின் சுய சோதனைகள் பலவும் இன்னும் முடியவில்லை என்று அது காட்டினால், சமீபத்தில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள் என்று பொருள்.

ஓட்டிப் பார்க்கும்போது வேகத்தைச் சோதிக்காதீர்கள். ஆளில்லாத நேரான சாலையில், நான்காவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதும் அழுத்துங்கள். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. இரண்டாவதிலிருந்து மூன்றாவதுக்குச் சட்டென்று மாற்றும்போது கரகரப்பு வந்தால் கியர்பெட்டி அடி வாங்கியிருக்கிறது. ஸ்டீயரிங்கைத் தளர்வாகப் பிடித்துக்கொண்டு பிரேக் போட்டுப் பாருங்கள்; வண்டி ஒரு பக்கமாக இழுக்கக் கூடாது. 50 கிலோமீட்டர் வேகத்தைவிட 100-இல் வண்டியின் இயக்க ஆற்றல் இரு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. அவ்வளவையும் வெப்பமாக மாற்ற வேண்டியது அந்த பிரேக்குகள்தான்.

முந்தைய உரிமையாளர் கைவைத்து மாற்றிய கார்களைப் பற்றி ஒரு வார்த்தை. தாழ்த்திய ஸ்பிரிங், பெரிய சைலன்சர், கணினியில் திருத்திய எஞ்சின் என்று இளைஞர்களை ஈர்க்கும் வண்டிகள் பெரும்பாலும் இளைஞர்களாலேயே கசக்கிப் பிழியப்பட்டவை. காப்பீட்டு நிறுவனத்திடம் சொல்லப்படாத ஒவ்வொரு மாற்றமும் பின்னாளில் இழப்பீட்டை மறுக்க ஒரு காரணம். நடுத்தர வயதுக்காரர் ஒருவர் தொழிற்சாலையிலிருந்து வந்தபடியே வைத்திருந்து, ரசீதுகளைக் கோப்பில் அடுக்கிக் கொடுக்கும் காருக்குச் சற்றுக் கூடுதலாகவே கொடுக்கலாம்.

இத்தனைக்கும் பிறகு மனம் ஒப்பினால், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரிடம் கட்டணம் கொடுத்துக் காரை ஜாக்கியில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் அதற்குச் சம்மதிக்காவிட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம். மொத்தப் பணத்தையும் காரின் விலைக்கே கொடுத்துவிடாமல், மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைக்கச் சொல்வேன். வாங்கிய முதல் வாரத்திலேயே ஆயில், ஃபில்டர்கள், கூலன்ட் ஆகியவற்றோடு, காற்றின் ஈரத்தை உறிஞ்சிக் கெட்டுப்போகும் இயல்புடைய பிரேக் எண்ணெயையும் மாற்றிவிடுங்கள். மிச்சமிருக்கும் பணத்தில் நல்ல டயர் நான்கு வாங்குங்கள். பல நாடுகளின் சட்டம் 1.6 மில்லிமீட்டர் தடம் போதும் என்றாலும், 3 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினாலே ஈரச் சாலையில் பிடிப்பு குறையத் தொடங்கிவிடும். காரின் உண்மையான வேகத்தைப் பார்க்க வேண்டுமென்றால், பணம் கட்டி ஓட்டக்கூடிய பந்தயத் தடங்கள் பல இடங்களில் உள்ளன. அங்கே போகும் நாளுக்குக் காப்பீடு செல்லுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள், பெரும்பாலான பாலிசிகளில் செல்லாது.