பழைய ஸ்கோர்கார்டைப் படிப்பது எப்படி? பெர்னார்ட் டான்கிரெடின் இரண்டு டெஸ்ட்

ஒரு ஆட்டக்காரர் இரண்டே டெஸ்ட் ஆடியிருந்தால் பலரும் அவரைத் தாண்டிப் போய்விடுகிறோம். தென்னாப்பிரிக்காவின் முதல் டெஸ்ட் அணியில் தொடக்க ஆட்டக்காரராக இறங்கிய பெர்னார்ட் டான்கிரெடை அப்படி விட்டுவிடக் கூடாது. அவருடைய கணக்கை வைத்தே பழகிப் பார்ப்போம்.

படி 1: மொத்தக் கணக்கைப் பாருங்கள். 2 டெஸ்ட், 4 இன்னிங்ஸ், 87 ரன், அதிகபட்சம் 29, சராசரி 29.00. சராசரிக்கு இன்னிங்ஸால் வகுக்கக் கூடாது, எத்தனை முறை அவுட் ஆனார் என்பதால் வகுக்க வேண்டும். இவர் அவுட் ஆனது 3 முறை. 87ஐ மூன்றால் வகுத்தால் 29. அப்படியானால் ஒருமுறை அவுட் ஆகவில்லை. அது எந்த ஆட்டம்?

படி 2: ஆட்டம் ஆட்டமாகப் பிரியுங்கள். 1889 மார்ச் 12, போர்ட் எலிசபெத். எதிரணி இங்கிலாந்து. டான்கிரெட் 29, மறுபடியும் 29. சுமாராகத்தான் தெரியும். அவசரப்படாதீர்கள்.

படி 3: பக்கத்தில் அணியின் ஸ்கோரை எழுதுங்கள். இதுதான் முக்கியமான படி. முதல் இன்னிங்ஸில் மொத்த அணியும் எடுத்தது 84. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவருடையது! அடுத்து மார்ச் 25, கேப் டவுன். இங்கிலாந்து 292. தென்னாப்பிரிக்கா 47 ஆல் அவுட். அதில் டான்கிரெட் 26, அவுட் இல்லை. முதல் பந்தில் இறங்கியவர் எதிர்முனையில் பத்து விக்கெட்டும் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். மற்ற பத்துப் பேரும் உதிரி ரன்களும் சேர்ந்து வெறும் 21. டெஸ்டில் தொடக்கத்தில் இறங்கிக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்ற முதல் ஆள் இவர்தான். அப்படி நின்றவர்களில் மிகக் குறைந்த ஸ்கோரும் இந்த 26தான். எனக்கு இது எத்தனையோ சதங்களைவிடப் பெரிது.

படி 4: எதிரணியின் பந்துவீச்சுப் பக்கம் வாருங்கள். ஜானி பிரிக்ஸ், இடதுகை சுழல். அதே கேப் டவுன் ஆட்டத்தில் 17 ரன்னுக்கு 7 விக்கெட், 11 ரன்னுக்கு 8 விக்கெட். அந்த 15 விக்கெட்டில் 14 போல்டு (பந்து நேராக ஸ்டம்பில்), ஒன்று எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறைத்தது). ஃபீல்டர் கையே தேவைப்படவில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் தென்னாப்பிரிக்கா 43, டான்கிரெட் 3. அத்தோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது, வயது 23.

படி 5: ஓவர் கணக்கில் கவனம். அந்தத் தொடரில் ஓவருக்கு 4 பந்துதான். ஆறு என்று நினைத்துக் கணக்குப் போட்டால் எல்லாமே தப்பாகும்.

சரி, இனி நீங்களே ஒன்று செய்து பாருங்கள். போர்ட் எலிசபெத்தில் இங்கிலாந்தின் கேப்டன் ஆப்ரி ஸ்மித், பின்னாளில் ஹாலிவுட் நடிகர். அவர் ஆடியது அந்த ஒரே டெஸ்ட். முதல் இன்னிங்ஸில் 19 ரன்னுக்கு 5 விக்கெட். அங்கிருந்து தொடங்குங்கள்.