அலாஸ்காவுக்கு முதல் கப்பல் பயணம்: கப்பலைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

அலாஸ்காவுக்குக் கப்பலில் போக நினைப்பவர்களில் பலர் முதலில் கப்பல்களைத்தான் ஒப்பிடுகிறார்கள். எத்தனை மாடி, எத்தனை உணவகம், பால்கனி அறைக்கு என்ன விலை என்று பார்த்துப் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். தாங்கள் ஆசைப்பட்ட பனியாறு அந்தக் கப்பல் போகும் வழியிலேயே இல்லை என்பது அப்புறம்தான் தெரியவருகிறது. அலாஸ்காவில் பார்க்க வேண்டியதெல்லாம் கப்பலுக்கு வெளியேதான் இருக்கிறது. அதனால் முதலில் காட்சி, பிறகு பாதை, பிறகு மாதம், கடைசியில் கப்பல் என்ற வரிசையில் திட்டமிடுங்கள்.

படி 1: எந்தப் பனியாறு?

கிளேசியர் பே தேசியப் பூங்காவுக்குள் ஒரு நாளைக்கு இரண்டு பெரிய பயணிகள் கப்பல்களுக்கு மட்டுமே அனுமதி. எல்லா நிறுவனங்களுக்கும் இந்த அனுமதி கிடைப்பதில்லை. அனுமதி பெற்ற கப்பலில் பூங்கா ரேஞ்சர்களே ஏறி, போகும் வழியெல்லாம் விளக்கம் சொல்வார்கள். கப்பல் எங்கேயும் கரையில் நிற்காது. அன்றைய பொழுது முழுக்க மேல்தளத்தில்தான்.

ஹப்பர்ட் பனியாறு 120 கி.மீ.க்கு மேல் நீளமானது, கடலில் வந்து முடிவது. ஆனால் மிதக்கும் பனிக்கட்டிகள் அதிகமாக இருந்தால் கப்பல் தள்ளியே நின்றுவிடும். எண்டிகாட் ஆர்ம் செங்குத்தான பாறைச் சுவர்களுக்கு நடுவே போகும் குறுகிய கடல்நுழைவு. முதல் பயணத்துக்கு என் தேர்வு கிளேசியர் பே. பயணத் திட்டத்தில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 'பனியாறு காட்சி' என்று பொதுவாகப் போட்டிருந்தால் எது என்று கேட்டுவிடுங்கள்.

படி 2: போய்த் திரும்புவதா, ஒருவழியா?

சியாட்டில் அல்லது வான்கூவரில் ஏறி அங்கேயே வந்து இறங்குவது ஒரு வகை. பெரும்பாலும் ஏழு நாள். விமான டிக்கெட்டும் எளிது. வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சீவர்ட் அல்லது விட்டியர் துறைமுகத்தில் இறங்குவது, அல்லது அங்கே ஏறி வான்கூவருக்கு வருவது இன்னொரு வகை. ரயில் பயணமும் வேண்டுமென்றால் ஒருவழிப் பயணம்தான் சரி, ஏனென்றால் அலாஸ்கா ரயில்பாதை தொடங்குவதே சீவர்டில்தான்.

சியாட்டிலில் கிளம்பும் கப்பல்கள் கனடாவின் விக்டோரியாவைத் தொட்டுப் போவதற்குக் காரணம் 1886-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கச் சட்டம். வெளிநாட்டில் பதிவான கப்பல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையில் மட்டும் பயணிகளை ஏற்றி இறக்க முடியாது. ஆகவே எந்த வழியில் போனாலும் கனடா வந்துவிடும். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அமெரிக்க விசா, கனடா விசா இரண்டுக்கும் தயாராக வேண்டும். அமெரிக்காவுக்குள் திரும்ப நுழைய வேண்டியிருந்தால், விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன்பே இதைப் பாருங்கள்.

படி 3: மாதம்

மே மாதத்தில் மழை குறைவு, மலைகளில் பனி மிச்சமிருக்கும். ஜூன், ஜூலையில் குளிர் குறைவு, கூட்டம் அதிகம், உள்நாட்டுப் பகுதியில் கொசுவும் உண்டு. ஆகஸ்டில் சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறும், அவற்றைத் தேடிக் கரடிகள் வரும், மழையும் கூடும். செப்டம்பர் தொடக்கத்தில் உள்நாட்டிலுள்ள டெனாலி தேசியப் பூங்காப் பக்கம் இலைகள் நிறம் மாறிவிடும். டெனாலி போகும் தினசரிக் கோடை ரயில் மே நடுவிலிருந்து செப்டம்பர் நடுவரைதான். ரயில்தான் முக்கியம் என்றால் இந்த எல்லையைத் தாண்டிய மலிவு விலைக் கப்பலைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம்.

படி 4: ரயில்

இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சீவர்டிலிருந்து ஃபேர்பேங்க்ஸ் வரை சுமார் 756 கி.மீ. ஓடுகிறது அலாஸ்கா ரயில்பாதை. 1923-இல் நெனானாவில் அன்றைய அமெரிக்க அதிபர் வாரன் ஹார்டிங் தங்க ஆணி அடித்து இதை நிறைவுசெய்தார். முழுப் பாதையும் போக வேண்டியதில்லை. ஆங்கரேஜில் தொடங்கி டெனாலிக்கு ரயிலில் போங்கள். ஏறக்குறைய எட்டு மணி நேரம். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். திரும்பி வந்து ஆங்கரேஜிலிருந்து சீவர்டுக்கு நாலு மணி நேர ரயில். சீவர்ட் போகும்போது வலப்பக்க ஜன்னல் கிடைத்தால் டர்னகெய்ன் ஆர்ம் என்ற கடல்நுழைவின் நீர் கூடவே வரும். இடப்பக்கப் பாறைகளில் காட்டு ஆடுகள் தென்படலாம்.

டெனாலி சிகரம் 6,190 மீட்டர். வட அமெரிக்காவிலேயே உயரமானது. பெரும்பாலான நாள்கள் மேகத்துக்குள்தான் இருக்கும். ஒரே இரவு தங்கிவிட்டுப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் நிறைய, அதனால்தான் இரண்டு இரவு என்கிறேன். பூங்காச் சாலையில் 15-ஆவது மைலுக்கு மேல் சொந்த வண்டிகளுக்குப் பொதுவாக அனுமதியில்லை, பேருந்தில்தான் போக வேண்டும். 2021-இல் நிலச்சரிவால் 43-ஆவது மைலுக்கு அப்பால் சாலையை மூடினார்கள். நீங்கள் போகும் ஆண்டில் பேருந்து எதுவரை போகிறது என்று பூங்காவின் இணையதளத்தில் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நிலப் பயணம் முதலிலா, கப்பல் முதலிலா? நிலம் முதலில் என்பேன். ரயில், பேருந்து, விடுதி மாறுதல் என்று அலைச்சல் எல்லாம் முன்னால் முடிந்துவிடும். பிறகு பெட்டியை ஒருமுறை கப்பலில் பிரித்து வைத்தால் போதும். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

கப்பல் ஸ்காக்வே துறைமுகத்தில் நின்றால் இன்னொரு ரயிலும் காத்திருக்கிறது. தங்கவேட்டைக் காலத்தில், 1898 முதல் 1900 வரை கட்டப்பட்ட ஒயிட் பாஸ் என்ற குறுகிய அகல ரயில்பாதை. சுமார் 32 கி.மீ. தூரத்துக்குள் 870 மீட்டருக்கு மேல் ஏறும். ஏறும்போது இடப்பக்கம்தான் பள்ளத்தாக்குக் காட்சி. இறங்கும்போது பயணிகளை இடம் மாறி உட்காரச் சொல்வார்கள் என்பதால் வலப்பக்கம் கிடைத்தாலும் நஷ்டமில்லை. கனடாவுக்குள் இறங்கும் நீண்ட பயணமென்றால் பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டும்.

படி 5: கரைச் சுற்றுலா

ஒரு துறைமுகத்துக்கு ஒன்றே ஒன்று போதும். ஜூனோவில் திமிங்கலம்: ஹம்ப்பேக் திமிங்கலங்கள் கோடை முழுக்க இங்கே இரை தேடுகின்றன, படகில் போனால் பார்க்கும் வாய்ப்பு மிக நன்று. ஸ்காக்வேயில் ரயில். கெட்சிகன் மழைக்குப் பேர்போன ஊர். பழங்குடியினர் மரத்தில் செதுக்கிய டோட்டம் கம்பங்களை நனைந்தபடியே நடந்து பார்க்கலாம்.

கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாவில் போனால், தாமதமானாலும் உங்களுக்காகக் கப்பல் நிற்கும். வெளியே பதிவு செய்தால் பெரும்பாலும் செலவும் கூட்டமும் குறைவு, ஆனால் தாமதத்துக்கு நீங்களே பொறுப்பு. ஊருக்குப் பக்கத்திலேயே முடியும் சுற்றுலாவுக்கு வெளியே பதிவு செய்யுங்கள். தூரமான, நேரம் நெருக்கும் சுற்றுலாவுக்குக் கப்பல் வழியாகப் போங்கள். ஹெலிகாப்டர், சிறு விமானச் சுற்றுலாக்கள் வானிலையால் ரத்தாவது சகஜம், பணம் திரும்பக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். அலாஸ்கா நேரம் வான்கூவர் நேரத்துக்கு ஒரு மணி பின்னால் என்பதால், கப்பலில் அறிவிக்கும் நேரத்துக்கு ஒரு கைக்கடிகாரத்தை வைத்துக்கொள்வது நல்லது.

படி 6: இப்போது கப்பல்

காட்சி, பாதை, மாதம் மூன்றும் முடிவானால் மிஞ்சுவது சில கப்பல்கள்தான். அவற்றில் விலையைப் பாருங்கள், அறையைப் பாருங்கள். பால்கனி இருந்தால் நல்லது. ஆனால் அந்தச் செலவால் ரயிலோ திமிங்கலப் படகோ கைவிட்டுப்போகும் என்றால் உள்ளறையே எடுங்கள். கப்பல் ஆட்டத்தில் தலைசுற்றுகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தள அறை கேட்கலாம். தீவுகளுக்கு நடுவே போகும் இன்சைட் பாசேஜ் அமைதியானது. அலாஸ்கா வளைகுடா திறந்த கடல், அங்கே ஆட்டம் இருக்கலாம்.

படி 7: உடை

ஒரே கனமான கோட்டு எடுத்துப் போகாதீர்கள். உடலை ஒட்டிய உள்ளாடை, அதன் மேல் ஃபிலீஸ் என்ற கதகதப்பான மென்துணிச் சட்டை, அதற்கும் மேல் மழையும் காற்றும் புகாத மேலங்கி. ஊருக்குள் 15 டிகிரி வெயில் அடித்தாலும் பனியாற்றின் முன்னால் வீசும் காற்று எலும்பில் ஏறும். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. குல்லா, கையுறை, பைனாகுலர் கட்டாயம். ஜூன் மாதத்தில் ஜூனோவில் 18 மணி நேரம் பகல், தூங்கக் கண்மறைப்பும் வேண்டும்.

பனியாற்று நாளன்று காலை உணவைச் சீக்கிரம் முடித்துவிட்டு, கூட்டம் சேரும் முன் மேல்தளத்துக்கு வந்துவிடுங்கள். கப்பல் பெரும்பாலும் மெதுவாகத் திரும்பி இரு பக்கத்துக்கும் காட்டும், அங்கும் இங்கும் ஓட வேண்டாம். பனிச்சுவர் இடிந்து விழும்போது ஒலி தாமதமாகத்தான் வந்து சேரும். சத்தம் கேட்டுத் திரும்பினால் விழுந்து முடிந்திருக்கும், ஆகவே சுவரையே பார்த்துக்கொண்டிருங்கள்.